ஆடு வாங்கும் முன்பே பயிற்சி: ராமநாதபுரம் கடற்கரை இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாயல்குடியிலிருந்து தொண்டி வரை கடலோரத்தில் பத்து, இருபது ஆட்டோடு தொழில் தொடங்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆடு மேய்ப்பது நமக்குப் புதிதில்லை. வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே நான்கு ஆடு நின்றிருக்கும். ஆனால் வங்கியில் "பயிற்சிச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்கும்போதும், கறிக்கடைக்காரர் "கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" என்று கேட்கும்போதும்தான் முழி பிதுங்கும். நான் அலைந்த காலத்தில் ஒரு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த காகிதப் பட்டியல் அடுத்த அலுவலகத்தில் செல்லவில்லை. முழுசாகச் சொல்ல ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் பயிற்சி, அப்புறம் கொட்டில், கடைசியில்தான் ஆடு. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று பிடித்துக்கொண்டு வந்துவிட்டு, ஆடு செருமத் தொடங்கியதும் யாரிடம் போவது என்று தேடுகிறார்கள்.

1. எந்தப் பயிற்சிக்குப் போவது

நம் மாவட்டத்தில் நம்பிப் போகக்கூடிய வழிகள் நான்கு.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. பாடம் எடுப்பவர்கள் கால்நடை மருத்துவர்கள். நோய், தடுப்பூசி, மருந்து பற்றி ஆழமாகக் கேட்க வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். குறுகிய காலப் பயிற்சிகளே அதிகம்.

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் வங்கி நடத்துவது. 18 வயது நிரம்பியவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள், மேல் வயது வரம்பை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி, தங்கல், சாப்பாடு எல்லாமே இலவசம். ஆடு வளர்ப்புப் பயிற்சி பெரும்பாலும் பத்து நாள். முடித்தவர்களை இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து, கடன் வாங்கவும் கைகொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வேலையிலேயே சேர்த்தி. கையில் காசில்லாமல் தொடங்குகிறவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இது.

வேளாண் அறிவியல் நிலையம் மூன்றாவது. ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகள் வந்துகொண்டே இருக்கும். தீவனப் பயிர், உவர் நிலத்தில் என்ன வளரும் என்பதற்கெல்லாம் இவர்களை விட்டால் ஆளில்லை. நான்காவது, அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டம் வழியாக ஊரக இளைஞர்களுக்கு நடக்கும் ஏழு நாள் திறன் பயிற்சி. இது எப்போது வரும் என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால்தான் தெரியும். தானாக யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

இன்னும் 18 நிரம்பாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் பயிற்சிகளுக்கு அப்பா அம்மாவோடு போய் உட்காரக் கேளுங்கள். கடன், மானியம் எல்லாம் பெரியவர்கள் பெயரில்தான் வரும் என்பதால், சான்றிதழ் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை வீட்டில் முன்பே பேசி முடிவெடுங்கள். கடன் கேட்பவர் பெயரிலேயே சான்றிதழும் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

எச்சரிக்கை: "வகுப்புக்கு வர வேண்டாம், சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று ஊருக்கு ஒருவர் இருப்பார். அரசுப் பயிற்சிக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. இன்னொரு கூட்டம், "ஆடு நாங்களே தருகிறோம், குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், பயிற்சி இலவசம்" என்று வரும். ஈமு கோழியில் தமிழ்நாடு பட்டது போதாதா? பயிற்சி கொடுப்பவரும் ஆடு விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. காகிதங்கள்

ஒரு நெகிழி உறையில் கீழ்க்கண்டவற்றை மூன்று நகலோடு போட்டு வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆறு, கடைசியாகப் படித்த வகுப்பின் மாற்றுச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை இருந்தால் அதுவும். நிலம் உங்கள் வீட்டாருடையது என்றால் பட்டா, சிட்டா, அடங்கல். குத்தகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம். சிறு குறு விவசாயிச் சான்று தேவைப்படும் இடங்கள் உண்டு. அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டியிருப்பதால், பயிற்சியில் சேர்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயர் எழுத்தில். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி, சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். பயிற்சியின் முதல் நாள் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று கிட்டப் போய்ப் பாருங்கள். சான்றிதழ் அதைப் பார்த்துத்தான் அச்சாகும். ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அச்சான பிறகு திருத்துவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு குட்டி கிடாயாகிவிடும்.

கைபேசி எண்ணும் அப்படித்தான். ஆதாரோடு இணைந்த எண்ணும் வங்கியில் கொடுத்த எண்ணும் ஒன்றாகவும், உயிரோடு இருக்கும் எண்ணாகவும் இருக்கட்டும்.

3. எப்போது சேர்வது, என்ன செலவு

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். நமக்கு மழை என்பது வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் புதிதாக ஆடு இறக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. குளம்பு அழுகும், சளி பிடிக்கும், புழு ஏறும், செம்மறிக்கு நீலநாக்கு நோய் பரப்பும் பூச்சியும் பெருகும். அந்த நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்து, தை பிறந்ததும் ஆடு வாங்கினால் சரியாக இருக்கும்.

கட்டணமில்லாப் பயிற்சிக்கும் செலவு உண்டு. பேருந்துக் கட்டணம், நகல், போட்டோ, விடுபட்ட நாள் கூலி. கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு நாள் வராவிட்டாலும் சான்றிதழ் தராத இடம் இருக்கிறது. படகு வேலையை முன்பே பேசி விட்டுவிட்டுப் போங்கள்.

4. வகுப்பில் கேட்டு வாங்க வேண்டியவை

படம் போட்டுக் காட்டும் பாடம் நிறைய இருக்கும். இனங்கள் பற்றி அரை நாள் ஓடும். நம் மண்ணுக்குக் கொடி ஆடும், ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் செம்மறியும் பழகியவை என்பது உங்களுக்கே தெரியும். அதில் நேரம் போக்காமல், கையால் செய்து பார்க்க வேண்டியதைக் கேளுங்கள். "சார், ஒரு தடவை நான் செய்யட்டுமா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார்.

முதலாவது, வாய்வழி மருந்து ஊற்றுவது. ஆட்டின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். தலை அது நிற்கும் மட்டத்திலேயே இருக்கட்டும். கடைவாய் ஓரத்தில், பல் இல்லாத இடைவெளியில் சிரிஞ்சை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அது விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். இருமினால் உடனே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான், ஆனால் இதில் செத்த குட்டிகள் நிறைய.

இரண்டாவது, கண் இமை பார்ப்பது. கட்டைவிரலால் மேலிமையை மெல்ல அழுத்திக் கீழிமையைப் பிரித்தால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிய ரோஜா நிறம் என்றால் சந்தேகம். வெள்ளையாக இருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெளிச்சத்தில் நின்று பத்து ஆட்டுக்குப் பார்த்துப் பழகினால் கண் தானாக வித்தியாசம் கண்டுகொள்ளும்.

மூன்றாவது, எடை போடுவது. புழு மருந்து எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டியது. கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். ஒரு தொங்கு தராசும் சாக்கில் தைத்த தூளியும் போதும். சினை ஆட்டுக்கு எந்தப் புழு மருந்து ஆகாது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அல்பெண்டசோல் சினையின் ஆரம்பத்தில் ஆகாது.

ஊசி போடக் கற்றுத் தருவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். ஊசி போடுவது மருத்துவர் வேலை. ஆனால் எங்கே போடுகிறார் என்று நீங்கள் கவனிக்கலாம். கறிக்காக வளர்க்கும் ஆட்டுக்குத் தொடையில் போட்டால் நல்ல கறி இருக்கும் இடத்தில் கட்டியும் தழும்பும் விழும். முடிந்த வரை கழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

5. ஆடு வந்ததும் மூன்று வாரம் தனி

சந்தையிலிருந்து வந்த ஆட்டை வீட்டு ஆட்டோடு சேர்க்காதீர்கள். குறைந்தது 21 நாள் தனி வேலி, தனித் தண்ணீர்த் தொட்டி. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை போன்ற பெரிய சந்தைகளில் பல மாவட்ட ஆடுகள் ஒன்றோடொன்று மூக்கு உரசி நிற்கும். அங்கிருந்து வருவது ஆடு மட்டுமில்லை. வீட்டு ஆட்டுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் புது ஆட்டிடம் போக வேண்டும். திரும்ப வரும்போது கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

6. தடுப்பூசி

தடுப்பூசி அட்டவணை அரசுக் கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும். குறைந்தபட்சம் இவை மனப்பாடமாக இருக்கட்டும்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டிக்கு நான்கு மாதத்தில் ஒரு ஊசி, அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. துள்ளுமாரிக்கு (குடல் நச்சு நோய்) மழைக்கு முன், ஒவ்வொரு ஆண்டும். முதல் தடவை போடும் குட்டிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. கோமாரி, ஆட்டம்மை, நீலநாக்கு ஆகியவற்றுக்கு உங்கள் பகுதியில் எது தேவை, எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. நம்மூர் வெயிலில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர். தெருவுக்கே முகாம் வரும்போது ஆட்டைக் காலையிலேயே கட்டி வைத்திருங்கள். மேயப் போன ஆட்டைத் தேடுவதற்குள் குப்பி திறந்து நேரமாகிவிடும். அவசரம் என்றால் 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். ஊர், தெரு, அடையாளம் தெளிவாகச் சொல்லுங்கள். "உப்பளத்துக்குப் பக்கம்" என்றால் வாலிநோக்கத்தில் எந்த உப்பளம் என்று கேட்பார்கள்.

திடீரென்று உப்பிச் செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். மருத்துவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனிதனுக்குத் தொற்றும் நோய் அது. குட்டி வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதும் அதே மாதிரி ஆபத்து.

7. மருந்து நோட்டு

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். சான்றிதழ் சுவரில் தொங்கும். ஆட்டை விற்கும்போது கூட நிற்பது இந்த நோட்டுதான்.

ஊசி போட்ட ஆட்டின் உடம்பிலிருந்து மருந்து வெளியேற நாள் ஆகும். அதற்குள் அறுத்தால் மருந்தைச் சாப்பிடுவது நம் வீட்டுப் பிள்ளைகள். இதை மருந்து விலகும் காலம் என்பார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான மருந்துப் பெட்டியில் இந்தக் காலம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று 2012இல் மருந்து விதிகளில் சேர்த்தார்கள். ஆய்ந்து உறுதிசெய்த காலம் இல்லாத மருந்துக்குக் கறி என்றால் குறைந்தது 28 நாள், பால், முட்டை என்றால் 7 நாள். இந்த இரண்டு எண்ணையும் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஆட்டின் காது வில்லையில் உள்ள எண், என்ன நோய், மருந்தின் பெயரும் பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்), எவ்வளவு மில்லி, எங்கே போட்டது, யார் போட்டது, எந்தத் தேதிக்கு மேல் விற்கலாம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதை அன்றைக்கே கணக்குப் போட்டு எழுதிவிடுங்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். பக்ரீத் மே மாதம் 27ஆம் தேதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நல்ல கிடாய்க்கு மே 1ஆம் தேதி சளி பிடித்து மருத்துவர் ஆன்டிபயாடிக் போடுகிறார். மூன்று நாள் ஊசி. கணக்கைக் கடைசி ஊசியிலிருந்து தொடங்க வேண்டும், முதல் ஊசியிலிருந்து இல்லை. மே 3இலிருந்து 28 நாள் என்றால் மே 31. அந்தக் கிடாய் இந்தப் பக்ரீத்துக்கு இல்லை. வலிக்கத்தான் செய்யும், கீழக்கரையில் நல்ல விலை போகும் நேரம் அது. அதற்காக ஊசி போடாமல் விட்டால் ஆடு படும் பாடு தனி. நோய் வந்தால் மருந்து கொடுத்தே தீர வேண்டும், விற்பனையைத் தள்ளிப் போடுங்கள். அதனால்தான் பக்ரீத்துக்கென்று வளர்ப்பவர்கள் புழு நீக்கம், தடுப்பூசி எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறேன்.

"யாரு தம்பி இதையெல்லாம் கேக்கப்போறா?" என்று வியாபாரி சிரிப்பார். கேட்கிறவர்கள் வரத்தான் செய்கிறார்கள். பக்ரீத்துக்குப் பல் பார்த்து ஆடு வாங்க வந்த ஒரு பெரியவர் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "வாப்பா, இதுல எழுதியிருக்கற ரெண்டையும் அவுத்து விடு" என்று விலை பேசாமலே எடுத்துப் போனார்.

மருந்து விஷயத்தில் இன்னும் சில கண்ணிகள்.

போன தடவை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். ஒரே செருமலுக்குப் பல காரணம். பாதி நாளில் நின்றுபோகிற ஆன்டிபயாடிக் இன்னும் மோசம்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்துவது 2019இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கையிருப்பு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வலிக்கு டைக்ளோபெனாக் ஊசியும் கால்நடைக்குக் கூடாது. பிணந்தின்னிக் கழுகுகள் அதனால் செத்து அழிந்ததால் 2006இலிருந்து தடை. மனிதருக்கான குப்பியை வாங்கி ஆட்டுக்குப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

உண்ணிக்கும் பேனுக்கும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து குளிப்பாட்டுவது நம் பக்கம் சர்வசாதாரணம். தயவுசெய்து வேண்டாம். ஆடு நக்கும், குட்டி மடியில் வாய் வைக்கும், மருந்து தோல் வழியாக இறங்கும். ஆட்டுக்கென்றே உள்ள மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் வாங்குங்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள், அதற்கும் விலகும் காலம் உண்டு.

நாட்டு வைத்தியம் செய்தால் அதையும் எழுதுங்கள். ஊர் ஊராகக் கிடை போடும் கீதாரிகளிடம் கேட்டால் பல நல்ல கைமருந்து கிடைக்கும். ஆனால் எதோடு எதைக் கொடுத்தோம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

8. தீவனமும் தண்ணீரும்

சீமைக்கருவேல நெற்று நம் ஊர் ஆட்டின் பாதி வயிறு. நன்றாகப் பழுத்துக் காய்ந்ததை, மற்ற தீவனத்தோடு கலந்து அளவாகக் கொடுத்தால் தவறில்லை. அதை மட்டுமே மாதக்கணக்கில் தின்னவிட்டால் உடம்பு கெடும். அகத்தி, வேம்பு, பூவரசு என்று குழை மாற்றி மாற்றி ஒடித்துப் போடுங்கள்.

கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு ஆட்டுக்கு விஷம் மாதிரி. ஒரே நேரத்தில் நிறையச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி, மறுநாள் காலை கால் நீட்டிக் கிடக்கும். தர்கா, கோவில் பக்கம் கட்டி மேய்ப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். கருவாட்டுக் களம், மீன் இறங்குதளம் பக்கம் விடுவதும் வேண்டாம். உப்பு ஒட்டிய பிளாஸ்டிக் பையையும் நரம்பு வலைத் துண்டையும் ஆடு ஆசையாகத் தின்னும். அது வெளியே வராது.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் வளர்ந்த ஆடு ஓரளவு தாங்கும், குட்டியும் பால் கொடுக்கும் தாயும் தாங்காது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதனை பண்ணிக்கொள்ளுங்கள். மண், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் சொற்பம்தான். சித்திரை வைகாசியில் உவர்ப்பு ஏறும் என்பதால் அப்போது ஒருமுறை பார்ப்பது நல்லது. மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குட்டிகளுக்கு ஒதுக்கி வைக்கிறவர்கள் புத்திசாலிகள்.

9. வண்டியில் ஏற்றும்போது

காலைக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு ஏற்றுவது சட்டப்படி குற்றம். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு மருத்துவரின் தகுதிச் சான்றும், தரையில் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத வைக்கோலும் கேட்கின்றன. நாலரை, ஐந்து டன் லாரியில் நாற்பது ஆட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. உங்கள் சின்ன வண்டிக்கு அதே கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். கிடாயையும் பெட்டையையும் கலந்து ஏற்றாதீர்கள். அதிகாலையில் கிளம்பினால் வெயிலும் படாது, சோதனைச் சாவடிப் பேச்சும் குறையும். அடித்து, மிரட்டி ஏற்றிய ஆட்டின் கறி கறுத்து விறைத்துப்போகும். கறிக்கடைக்காரர்களுக்கு இது தெரியும்.

10. கறியாக விற்பதென்றால்

உயிர் ஆடாக விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டமே விவசாயியின் கால்நடை வளர்ப்பை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அறுத்து எடை போட்டு விற்கத் தொடங்கிய நிமிடத்தில் நீங்கள் உணவு வணிகர்.

நாளுக்குப் பத்துச் சிறு விலங்குகள் வரை அறுக்கும் சின்னக் கடைக்குப் பதிவு போதும், பெரிய உரிமம் வேண்டாம். இணையத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் நீங்களே பதியலாம். அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். கணினி மையத்தில் ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கென்று ரசீது கேளுங்கள். புகைப்படமும் அடையாளச் சான்றும் கடை இருக்குமிடத்துக்கான சான்றும் வேண்டும். பஞ்சாயத்து அல்லது நகராட்சியின் அனுமதி தனி, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சினை ஆடு, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியுள்ள தாய் இவற்றை அறுக்கக் கூடாது. ஈ வலை, குடிக்கத் தகுந்த தண்ணீர், தனிக் கத்தி, கைகழுவ இடம் என்பவை சோதனையில் முதலில் பார்ப்பவை. செய்தித்தாளில் கறி கட்டாதீர்கள், மையில் இருக்கும் ரசாயனம் கறியில் ஏறும். பிளாஸ்டிக் பைக்கும் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. நம் பக்கம்தான் பனை ஓலைப் பட்டை இருக்கிறதே, அதைவிட என்ன வேண்டும். குளிர்பெட்டி இல்லாதவர்கள் காலை அறுத்ததைக் காலையிலேயே விற்று முடிக்கும் அளவுக்கு மட்டும் அறுங்கள்.

11. காது வில்லையும் காப்பீடும்

தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் ஆட்டுக்குக் காப்பீடு செய்யலாம். பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம், மீதி அரசு. மருந்தகத்தில் சொன்னால் மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தருவார், வில்லை அடிப்பார், ஆட்டோடு உங்களை நிறுத்திப் படம் எடுப்பார்கள்.

இதில் எல்லாம் அந்த வில்லையில் இருக்கிறது. வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை. கருவேல முள்ளில் மாட்டிக் காது கிழிந்து வில்லை விழுவது நம் பக்கம் வாரா வாரம் நடக்கும். விழுந்த அன்றே மருந்தகத்துக்குச் சொல்லிப் புது வில்லை அடித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆடு இறந்தால் புதைப்பதற்கு முன் தகவல் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனைச் சான்று, வில்லை தெரியும்படி எடுத்த படம், வில்லையுடன் கூடிய காது எல்லாம் கேட்பார்கள். பாலிசியின் தொடக்கத்தில் காத்திருப்புக் காலம் இருக்கும். எத்தனை நாள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

12. கடனும் மானியமும்

பத்து, இருபது ஆட்டுக்கு ஏற்றது கால்நடைக்கான கிசான் கடன் அட்டை. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை பிணையில்லாமல் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியிருக்கிறது. வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைத்து 4ஆக இறங்கும். இது தீவனம், மருந்து, பராமரிப்புச் செலவுக்கான கடன். மொத்தத்தையும் ஆடு வாங்கிவிட்டு, கோடையில் தீவனத்துக்குக் கையை விரிக்காதீர்கள்.

ஐம்பது சதவீத மானியம் என்று விளம்பரங்களில் வருவது தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம். அதில் குறைந்த அளவே 100 பெட்டை, 5 கிடாய். அதற்கு மானியம் 10 லட்சம் வரை. 500 பெட்டைக்கு 50 லட்சம் வரை. நிலம், திட்ட அறிக்கை, வங்கி ஒப்புதல் எல்லாம் கேட்பார்கள். பயிற்சி அல்லது அனுபவத்துக்கான சான்று அங்கேயும் வேண்டும். உத்யமி மித்ரா தளத்தில் விண்ணப்பம். இருபது ஆட்டை இரண்டு ஆண்டு நோட்டுப் போட்டு வளர்த்த பிறகு இந்தப் பக்கம் போங்கள். முதல் ஆண்டிலேயே நூறு ஆட்டை இறக்கியவர்கள் கொட்டில் மட்டும் நிற்கிற இடங்களை நான் காட்டுவேன்.

வங்கிக்குப் போகும்போது மருந்து நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். யாரும் கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள். "வாய்ப்பேச்சுல சொன்னா போதும்" என்று எந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் அதே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.